கம்ப்யூட்டர் வைத்தியர்கள்

பொருநைக் கரை மனிதர்கள் ஊர்ப் பெருமை பேச ஆரம்பித்தால் சீக்கிரத்தில் முடிக்க மாட்டார்கள். நெல்லையப்பர் கோயில் இசைத் தூண்களில் தொடங்கி, அல்வாக் கடை வழியாக, ஆழ்வார்திருநகரிப் புளியமரத்துக்கு வந்து சேர்வதற்குள் கேட்பவருக்கு இரண்டு முறை காப்பி வந்துவிடும். அவ்வளவு பேசுகிறவர்கள் ஒரு விஷயத்தை மட்டும் ஏனோ அதிகம் சொல்வதில்லை. தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில், நானூறு வருஷங்களுக்கு முன்பே, தமிழ் எழுத்து யந்திரத்தில் ஏறியது என்பதுதான் அது.

யந்திரம் வந்தால் கூடவே அதற்கு நோயும் வரும். நோய் வந்தால் வைத்தியனைத் தேட வேண்டும். இன்று நம்மில் பலர் மாதத்துக்கு ஒரு முறையாவது அப்படி ஒரு வைத்தியனைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பையனை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு, "தம்பி, இந்தக் கம்ப்யூட்டர் கிளம்ப மாட்டேங்கு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்" என்று கெஞ்சாத குடும்பஸ்தர் யார்? ராஜாக்களுக்கும் யுத்தங்களுக்கும் சரித்திரம் இருப்பது போல இந்தக் கெஞ்சலுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் புன்னைக்காயலுக்குப் போவோம். ஹென்றிக் ஹென்றீக்கஸ் என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார், தமிழில் அண்டிரிக் அடிகளார், முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே பல ஆண்டுகள் வாழ்ந்து தமிழ் கற்றவர். அவருக்குத் தமிழில் புத்தகம் அச்சிட வேண்டும் என்ற ஆசை. ஐரோப்பாவிலிருந்து அச்சு யந்திரம் கோவாவுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. ஆனால் அந்த யந்திரத்துக்குத் தமிழ் தெரியாதே! 1577-இல் கோவாவில் தமிழ் எழுத்துக்களை வார்த்துப் பார்த்தார்கள். அது போதாமல் 1578-இல் கொல்லத்தில் மறுபடியும் வார்த்தார்கள். அந்த வருஷம் அக்டோபர் மாதம் 20-ஆம் தேதி கொல்லத்தில் அச்சாகி வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்டது. அதன் கடைசிப் பக்கத்தில் கோவா எழுத்து, கொல்லத்து எழுத்து இரண்டுக்கும் மாதிரி கொடுத்திருக்கிறார்கள். இந்த அச்சு வேலைக்குப் பொருள் கொடுத்து உதவியவர்கள் பரதவ மக்கள். பிறகு 1586-இல் 'அடியார் வரலாறு' என்ற பெரிய புத்தகம் வந்தது. அது புன்னைக்காயலில் அச்சானது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. யந்திரம் கெட்டுப்போகவில்லை, நன்றாகத்தான் ஓடியது. அதற்கும் நம் எழுத்துக்கும்தான் ஒத்துப்போகவில்லை. அந்தத் தகராறைத் தீர்க்க உலோகம் தெரிந்த ஒருவன், தமிழ் தெரிந்த ஒருவன், பணம் கொடுக்கும் ஊர்க்காரர்கள் என்று மூன்று தரப்பாரும் கூட வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் வந்தபோதும் தமிழர்களுக்கு இதே கதைதான் திரும்ப நடந்தது.

அதற்கு முன்னால் கம்ப்யூட்டரின் பொதுவான வைத்தியக் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

1960-களில் இந்தியாவில் கம்ப்யூட்டர் என்பது கோயில் மூலவரைப் போன்றது. குளிர்பதன அறைக்குள் இருக்கும். அருகில் போகச் சிலருக்கே உரிமை. பெரும்பாலான யந்திரங்கள் ஐ.பி.எம். என்ற அமெரிக்கக் கம்பெனிக்குச் சொந்தம். அந்தக் கம்பெனி யந்திரத்தை விற்காமல் வாடகைக்கு விட்டது. மேல்நாட்டில் உழைத்து ஓய்ந்த 1401 என்ற மாதிரியைப் புதுப்பித்து இங்கே கொண்டுவந்து வாடகை வாங்கினார்கள் என்ற குறை அப்போதே உண்டு. யந்திரம் நின்றுவிட்டால் கம்பெனியின் என்ஜினீயர் வர வேண்டும். வேறு யாரும் திருகைத் தொடக் கூடாது.

1973-இல் அன்னியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அன்னியக் கம்பெனிகள் இங்கே தங்கள் பங்கை 40 சதவிகிதத்துக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று சர்க்கார் கேட்டது. ஐ.பி.எம். சம்மதிக்கவில்லை, 1978-இல் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. நாட்டில் அதன் யந்திரங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றுக்கு நோய் வந்தால் யார் பார்ப்பது? அந்தப் பொறுப்பை சர்க்கார் ஸ்தாபனமான கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன், சுருக்கமாக சி.எம்.சி., ஏற்றுக்கொண்டது. பெயரைப் பாருங்கள்: 'கம்ப்யூட்டர் பராமரிப்புக் கழகம்'! கம்ப்யூட்டர் செய்வதற்கல்ல, விற்பதற்கல்ல, பழுது பார்ப்பதற்கென்றே ஒரு கழகம். அன்னிய யந்திரங்களைப் பிரித்துப் பார்த்துப் பழகிய அந்த என்ஜினீயர்களின் ஸ்தாபனம்தான், 1980-களின் நடுவில் ரயில்வே இருக்கைப் பதிவை டில்லியில் கம்ப்யூட்டரில் ஏற்றிக் காட்டியது. பழுது பார்க்கத் தெரிந்தவனுக்கே யந்திரம் சொந்தம் என்பதை இதைவிட நன்றாக யார் விளக்க முடியும்?

1981-இல் அதே ஐ.பி.எம். கம்பெனி மேஜை மேல் வைக்கும் சிறு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. அவசரத்தில் அதன் உறுப்புகளில் பலவற்றைக் கடையில் கிடைக்கும் சரக்கிலிருந்தே சேர்த்துக் கட்டினார்கள். அதனால் பிறரும் அதைப் பார்த்து அதே மாதிரி செய்ய முடிந்தது. சென்னை ரிச்சி தெருவில் ரேடியோ சாமான் விற்ற கடைகளில் கம்ப்யூட்டர் சாமான் வந்து குவிந்தது. பெட்டி ஒன்று, பலகை ஒன்று, வட்டு ஒன்று என்று தனித்தனியாக வாங்கி, திருநெல்வேலிக்கு ரயிலில் கொண்டுவந்து, முடுக்கிப் பூட்டி ஓட்டினார்கள். இதற்கு 'அசெம்பிள்டு' என்று பெயர். நம் ஊர் வைத்தியன் பிறந்தது இங்கேதான்.

அவன் வேறு எங்கிருந்தும் வரவில்லை. நேற்று வரை ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் டெலிவிஷனும் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன்தான். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகள் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டர் சென்டர்களாக மாறின. ஜங்ஷனிலும், வண்ணார்பேட்டையிலும், பாளையங்கோட்டையிலும், டவுன் ரத வீதிகளின் மாடிகளிலும் பலகைகள் மாறியதே தவிர, படியேறி வந்த பையன்கள் அதே பையன்கள்தாம். 1995 ஆகஸ்டு 15-ஆம் தேதி பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது. சில வருஷங்களில் 'பிரௌசிங் சென்டர்'கள் தெருவுக்கு ஒன்று முளைத்தன.

அந்தக் கடைகளில் நின்று கேட்டவர்களுக்கு ஒரு சம்பாஷணை நன்றாக ஞாபகம் இருக்கும்.

"என்ன அண்ணாச்சி, பொட்டியைத் தூக்கிட்டு வந்துட்டிய?"

"கிளம்ப மாட்டேங்கு தம்பி. கீ கீன்னு கத்துது."

"கத்தினாச் சரிதான். உயிர் இருக்குன்னு அர்த்தம். உக்காருங்க."

பையன் பெட்டியைத் திறப்பான். உள்ளே இருந்து விரல் நீளத்தில் ஒரு பச்சைப் பட்டையை உருவுவான். அதுதான் நினைவுப் பட்டை, 'ரேம்'. அதன் விளிம்பில் பித்தளை நிறத்தில் பற்கள் இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரை எடுத்து அந்தப் பற்களை இரண்டு பக்கமும் தேய்ப்பான், ஊதுவான், திரும்பச் சொருகுவான். கம்ப்யூட்டர் எழுந்து உட்காரும்! புழுக்கத்திலும் உப்புக் காற்றிலும் அந்தப் பற்களில் படியும் அழுக்குத்தான் நோய்க்குக் காரணம். ஒரு ரூபாய் ரப்பர்தான் மருந்து. அந்தக் கத்தலுக்கும் அர்த்தம் உண்டு. எத்தனை முறை, எவ்வளவு நீளம் என்று எண்ணிப் பார்த்தால் எந்த உறுப்பில் வலி என்று தெரியும். நாடி பார்ப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

இன்னொரு நோய் கதாசிரியர்களுக்கு மிகவும் பிடித்தமானது. யந்திரத்தின் உள்ளே எட்டணாக் காசு போல ஒரு சிறு பாட்டரி இருக்கிறது. மின்சாரம் இல்லாதபோதும் தேதியையும் மணியையும் காத்துக்கொள்ள அது உதவுகிறது. சில வருஷங்களில் அது தீர்ந்துபோகும். உடனே கம்ப்யூட்டர் பல வருஷங்கள் பின்னால் போய் நின்றுகொள்ளும். காலத்தைப் பின்னால் திருப்ப நாங்கள் முந்நூறு பக்கம் எழுத வேண்டியிருக்கிறது. அதுவோ ஒரு பாட்டரியோடு காரியத்தை முடித்துவிடுகிறது. தேதி தவறினால் பாங்குக் கணக்கைத் திறக்கும் பக்கங்கள் சந்தேகப்பட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும். 'இன்டர்நெட் கெட்டுப்போய்விட்டது' என்று புலம்புகிறவர்களில் சிலருக்கு வேண்டியது ஒரு புதுப் பாட்டரிதான்.

உடம்புக்கு வரும் நோயைத் தவிர மனசுக்கு வரும் நோயும் உண்டு. வைரஸ் என்று அதைச் சொல்கிறார்கள். 1986-இல் லாகூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த இரண்டு சகோதரர்கள் 'பிரெய்ன்' என்ற ஒன்றை எழுதினார்கள். தங்கள் மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுப்பவர்களைப் பிடிப்பதற்காக எழுதியது என்று அவர்கள் சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த வைரஸுக்குள்ளேயே தங்கள் பெயர், கடை விலாசம், டெலிபோன் நம்பர் எல்லாம் எழுதி, 'தடுப்பு மருந்துக்கு எங்களை அணுகவும்' என்றும் சேர்த்திருந்தார்கள். நோயைப் பரப்பிவிட்டு மருந்துச் சீட்டும் கொடுத்த வைத்தியர்களைச் சரித்திரத்தில் வேறு எங்கும் பார்க்க முடியாது. சில நாளில் உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் டெலிபோன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. 2003 ஆகஸ்டில் வந்த 'பிளாஸ்டர்' புழு இவ்வளவு மரியாதை தெரிந்தது அல்ல. திரையில் ஒரு நிமிஷக் கெடு காட்டும்; அறுபது விநாடி முடிந்ததும் யந்திரம் தானாக அணைந்து மறுபடி கிளம்பும்; மறுபடி கெடு.

இத்தகைய நோய்களுக்கெல்லாம் நம் கடைகளில் ஒரே சர்வரோக நிவாரணி இருந்தது. அதற்கு 'ஃபார்மட்' என்று பெயர். வட்டில் உள்ளதை எல்லாம் வழித்து எறிந்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. நோய் போய்விடும், சந்தேகமில்லை. ஆனால் வீட்டில் எலி இருக்கிறது என்று வீட்டையே இடித்துக் கட்டினால், பரணில் இருந்த பாட்டியின் பெட்டி என்ன ஆவது? கல்யாணப் போட்டோ, கணக்கு வழக்கு, பையனின் ஆராய்ச்சிக் கட்டுரை எல்லாம் வழித்த குப்பையோடு போய்விடும். கெட்டிக்காரப் பையன்கள் முதலில் கேட்பார்கள்: "உள்ள முக்கியமா ஏதாவது இருக்கா அண்ணாச்சி?" கேட்காதவர்கள் கையில் அகப்பட்ட குடும்பங்கள் எத்தனையோ. வைத்தியன் நல்லவனா என்று அறிய, அவன் கேட்கும் முதல் கேள்வியைக் கவனித்தாலே போதும்.

இனி நம் சொந்த நோய்க்கு, அதாவது தமிழுக்கே உரிய நோய்க்கு வருகிறேன்.

கம்ப்யூட்டருக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுத்து, அந்த எண்ணைத்தான் அது பத்திரப்படுத்துகிறது. ஆரம்ப காலத்தில் மொத்தம் 256 இடங்கள். அதில் முதல் பாதி ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. மீதியில் தமிழை எப்படி உட்கார வைப்பது? 1980-களிலும் 1990-களிலும் இந்தக் கேள்விக்கு உலகம் முழுவதும் தமிழர்கள் தனித்தனியாக உட்கார்ந்து விடை கண்டுபிடித்தார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' செய்தார். சுவிட்சர்லாந்தில் ரசாயன ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். சிங்கப்பூரில் சிறுகதை ஆசிரியரான நா. கோவிந்தசாமி 'கணியன்' செய்தார். ஈழத் தமிழர்களிடம் 'பாமினி' பரவியது. தமிழ்நாட்டு சர்க்கார் காரியாலயங்களில் 'வானவில்' பரவியது. எல்லாம் அருமையான முயற்சிகள்தாம். ஆனால் ஒருவர் 'அ'வுக்குக் கொடுத்த எண்ணை மற்றொருவர் 'ழ'வுக்குக் கொடுத்தார்!

சிலர் ஆங்கிலத்துக்கு உரிய இடத்திலேயே தமிழை உட்கார வைத்துவிட்டார்கள். பாமினியில் 'அம்மா' என்று அடித்த கடிதத்தை, பாமினி இல்லாத யந்திரத்தில் திறந்தால், 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்று ஆங்கில எழுத்துக்கள் நிற்கும். பிள்ளை வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கடிதத்தின் முதல் சொல் இப்படி வந்து நின்றால் தாயார் என்ன செய்வாள்? பிரௌசிங் சென்டர்ப் பையனைத்தான் கூப்பிடுவாள். அந்தக் காலத்தில் நம் பையன்கள் பார்த்த வைத்தியத்தில் இதுவும் ஒரு பெரும் பகுதி. எந்த ஊர்க் கடிதம், எந்த எழுத்துரு என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

இது தமிழுக்குப் புதிய சங்கடம் அல்ல. பழைய ஓலைச் சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒன்று போலவே இருக்கும். காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. கீறல் ஒன்றுதான், அதை எப்படி வாசிப்பது என்பது வாசிக்கத் தெரிந்தவன் வாயில் இருந்தது. பத்துப்பாட்டுக்கு ஏடு தேடி உ. வே. சாமிநாதையர் இந்தத் தாமிரபரணிக் கரைக்குத்தான் வந்தார். திருநெல்வேலியிலும் ஆழ்வார்திருநகரியிலும் கவிராயர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார். 1889-இல் அந்த நூல் அச்சில் வந்தது. ஏடு கிடைத்தால் மட்டும் போதாது. அதன் வாசிப்பை அறிந்தவரும் வேண்டும். ஏட்டுக்குச் சாமிநாதையர் கிடைத்தார். கம்ப்யூட்டருக்கு?

கம்ப்யூட்டருக்கும் ஆட்கள் கிடைத்தார்கள். 1997-இல் சிங்கப்பூரில் கோவிந்தசாமி முதலியவர்கள் முயற்சியால் தமிழ் இணைய மாநாடு கூடியது. பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே மாதக்கணக்கில் சண்டை போட்டு 'திஸ்கி' என்ற பொதுக் குறியீட்டை வகுத்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழ்நாடு சர்க்கார் 'தமிழ்99' விசைப்பலகையையும் 'டாம்', 'டாப்' என்ற இரண்டு குறியீடுகளையும் ஏற்றுக்கொண்டது. 2000-த்தில் 'உத்தமம்' என்ற உலகத் தமிழ் அமைப்பு ஏற்பட்டது. இதற்கிடையில் உலக மொழிகள் அனைத்துக்கும் இடம் ஒதுக்கும் 'யூனிகோடு' 1991-லேயே வந்திருந்தது. அதில் தமிழுக்கு 128 இடங்கள். அந்த இடஒதுக்கீடு போதாது என்று வெகு காலம் வாதம் நடந்தது. 2010 ஜூனில் கோயமுத்தூர்ச் செம்மொழி மாநாட்டின்போது சர்க்கார் யூனிகோடையும், அச்சு முதலிய வேலைகளுக்கு 'டேஸ்' என்ற பதினாறு பிட் குறியீட்டையும் ஏற்று உத்தரவு போட்டது.

மாநாடுகளில் தீர்மானம் நிறைவேறியதும் வீட்டு யந்திரத்தில் தமிழ் வந்துவிடுமா? வரவில்லை. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யில் யூனிகோடு தமிழ் இருந்தது, ஆனால் தூங்கிக்கொண்டிருந்தது. மொழிக்கான பகுதிக்குள் போய், ஒரு சிறு கட்டத்தில் 'டிக்' போட்டு, விண்டோஸ் சி.டி.யை உள்ளே தள்ளினால்தான் எழுந்திருக்கும். இல்லாவிட்டால் எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும். இந்தக் கொம்பை இடம் மாற்றி வைக்கும் வித்தையைத் தெருத் தெருவாகச் சொல்லிக் கொடுத்தவர்கள் பேராசிரியர்கள் அல்ல, கடைப் பையன்கள். பத்திரிகைகளும் அந்தக் காரியத்தைச் செய்தன. எழுத்தாளர் சுஜாதா, பெங்களூர் பி.இ.எல். தொழிற்சாலையில் வாக்குப்பதிவு யந்திரம் உருவான காலத்தில் அதில் பங்கு கொண்ட என்ஜினீயர், எளிய தமிழில் கம்ப்யூட்டரை விளக்கினார். 'தமிழ் கம்ப்யூட்டர்' பத்திரிகையும், தினமலரின் 'கம்ப்யூட்டர் மலர்' இணைப்பும் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லின. தபால் கார்டில் நோயை எழுதிப் போட்டு, மருந்துக்காகக் காத்திருந்த காலம் அது.

இவர்களோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒரு கூட்டம் உண்டு. பழைய குறியீட்டில் இருப்பதை யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகளைச் செய்து, காசு வாங்காமல் கொடுத்தவர்கள். ஜெர்மனியிலிருந்து சுரதா யாழ்வாணன் 'பொங்குதமிழ்' கொடுத்தார். சென்னைப் பதிப்பகமான நியூ ஹொரைசன் மீடியா 'என்.எச்.எம். கன்வெர்ட்டர்' கொடுத்தது. அதிராம்பட்டினத்து உமர்தம்பி 'தேனீ' எழுத்துருவைக் கொடுத்தார். 2006-இல் காலமாகும் வரை தமிழுக்கு அவர் செய்த எந்தக் கருவிக்கும் விலை வைக்கவில்லை.

இவர்களை நினைக்கும்போது எனக்கு வண்ணார்பேட்டைக்கும் கொக்கிரகுளத்துக்கும் நடுவே உள்ள பாலம் கண் முன் வருகிறது. அதற்கு முன் ஜனங்கள் அங்கே படகில்தான் ஆற்றைக் கடந்தார்கள். வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தச் சொத்தைச் செலவு செய்து பாலம் கட்டினார். 1843-இல் அது திறக்கப்பட்டது. இன்றும் அந்தப் பெயரோடுதான் நிற்கிறது. முதலியார் நினைத்திருந்தால் ஆளுக்குக் காலணா சுங்கம் வைத்திருக்கலாம். பேரன் காலம் வரை வசூலாகியிருக்கும். எழுத்துருக்காரர்களில் சிலர் தங்கள் குறியீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு அப்படிச் சுங்கம் வசூலிக்கத்தான் பார்த்தார்கள். இப்போது அவர்கள் கடையும் இல்லை. அவர்களை நம்பி எழுதியவர்களின் எழுத்தும் அகப்படவில்லை. உதவி செய்கிறவன் நம்மைத் தன்னோடு கட்டிப் போட்டால், அவன் போகும்போது நம் பொருளும் அவனோடு போய்விடுகிறது. ஐ.பி.எம். கம்பெனி கப்பலேறியபோது தேசம் கற்ற பாடமும் இதுவேதான்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சுடலைமாடன் கதை வில்லுப்பாட்டை ஒரு கிழப் பாடகரிடம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்திருந்தார். 2003-இல் ஒரு டி.டி.பி. நிலையத்தில் கொடுத்து அடித்து, ஒரு சி.டி.யில் வாங்கிக்கொண்டார். புத்தகம் போடக் கையில் பணம் இல்லை. கைப்பிரதி மழையில் போயிற்று, பாடகர் காலமாகிவிட்டார், நிலையமும் மூடிவிட்டது. பதினெட்டு வருஷம் கழித்து அந்தச் சி.டி.யைத் தூக்கிக்கொண்டு அவர் கடை கடையாக ஏறினார். "இது இப்பத் திறக்காது" என்று எல்லாரும் கையை விரித்தார்கள். பாளையங்கோட்டையில் ஒரு பையன் மட்டும் வாங்கிப் பார்த்தான்.

"இது பேஜ்மேக்கர் ஃபைல் சார்வாள். அது கடைசியா வந்தது 2001-லே. ஆனா எங்கிட்ட ஒரு பழைய எக்ஸ்.பி. பொட்டி கிடக்கு. ரெண்டு நாள் பொறுங்க."

சி.டி. முதல் யந்திரத்தில் ஓடவில்லை; இரண்டாவதில் ஓடவில்லை; ஒரு பழைய டிரைவில் முனகிக்கொண்டே ஓடியது. முதலில் அப்படியே ஒரு பிரதி எடுத்தான். பிறகு பழைய பெட்டியில் திறந்து, உள்ளே இருந்த எழுத்தை மட்டும் தனியாகப் பிரித்தான். அது வானவில். இலவச மாற்றியில் போட்டான். திரையில் வில்லுப்பாட்டு வந்தது. சில இடங்களில் கொம்பு பிசகியிருந்தது. அதை ஆசிரியரே திருத்திக்கொண்டார். பையன் அதோடு விடவில்லை. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, எப்படி மாற்றுவது என்று இரண்டு முறை செய்யச் சொல்லிப் பார்த்தான். "இன்னும் இப்படி யார்ட்டயாவது இருந்தா நீங்களே மாத்திக் கொடுங்க சார்வாள்" என்றான். அவனும் பாலம் கட்டுகிற ஜாதிதான்.

இன்று உதவி தேடுகிறவர்களுக்கு வேறொரு ஆபத்தும் வந்திருக்கிறது. 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது, நாங்கள் கம்பெனியிலிருந்து பேசுகிறோம்' என்று அழகான ஆங்கிலத்தில் போன் வருகிறது. தூரத்திலிருந்தே யந்திரத்தைக் கையாளும் ஒரு செயலியை ஏற்றச் சொல்வார்கள். ஏற்றிய சற்று நேரத்தில் பாங்குக் கணக்கு காலி. கூப்பிடாத வீட்டுக்கு வைத்தியன் வந்தால் கதவைத் திறக்காதீர்கள். ஏமாந்தவர்கள் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும்; தாமதம் ஆக ஆகப் பணம் கை மாறிக்கொண்டே போகும். இன்னொன்று, விண்டோஸ் 10-க்குக் கம்பெனி கொடுத்துவந்த வழக்கமான பராமரிப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அந்த யந்திரங்களைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பலவற்றில் லினக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றி இன்னும் சில வருஷம் ஓட்டலாம். நம்பகமான பையனைக் கேட்டால் சொல்வான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைப் பொருநைக் கரையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமெல்லாம் வீடுகளுக்குள் ஆறு ஓடியது. தண்ணீர் வடிந்த பிறகு கம்ப்யூட்டர் பெட்டிகள் சேறு அப்பியபடி கடைகளுக்கு வந்தன. நனைந்த யந்திரம் உயிரோடு இருக்கிறதா என்று மின்சாரம் கொடுத்துப் பார்ப்பதும், வட்டை வெயிலில் காய வைப்பதும், திறந்து துடைப்பதும்தான் அதைக் கொன்றுவிடும். பெட்டி போனாலும் வட்டை அப்படியே எடுத்து, விஷயம் தெரிந்தவனிடம் கொடுத்தால் உள்ளே இருப்பதில் எவ்வளவோ பிழைக்கும்.

ஆனால் வெள்ளம் வராத வீடுகளிலும் எழுத்து அழிந்துகொண்டேதான் இருக்கிறது. ஓலைச் சுவடி நைந்துபோகும் முன்பு புதிய ஓலையில் பிரதி செய்து வைக்க வேண்டும் என்பது நம் முன்னோர் அறிந்த விஷயம். செய்யாமல் விட்ட வீடுகளில் சுவடி போயிற்று, பாட்டும் போயிற்று. சி.டி.க்கு ஓலையைவிட ஆயுள் குறைவு. 1995 முதல் 2010 வரை திருநெல்வேலிச் சீமையில் அடிக்கப்பட்ட ஸ்தல புராணங்கள், குடும்ப வரலாறுகள், ஆராய்ச்சிப் பட்ட ஏடுகள், ஊர்த் திருவிழா மலர்கள் எத்தனை! பழைய குறியீடுகளில், ஃபிளாப்பியிலும் சி.டி.யிலும், அலமாரி மூலைகளில் அவை கிடக்கின்றன. வாசிக்கும் பழைய பெட்டிகளும், அவற்றை ஓட்டத் தெரிந்த கைகளும் வருஷா வருஷம் குறைந்துகொண்டு வருகின்றன.

உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒன்று இருக்கக்கூடும். இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். மேலே எந்த எழுத்துருவின் பெயர் எழுதியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுங்கள். "தம்பி, இது இன்னும் வாசிக்குதான்னு ஒரு எட்டு பாத்துச் சொல்லு" என்று கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அவன் வந்து பிரதி எடுத்துக் கொடுத்தால் ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை வேறு ஊரில் உள்ள பிள்ளையிடமும் வையுங்கள். பையனுக்கு உரிய கூலியைக் கொடுங்கள். வேண்டாம் என்றால் நல்ல காப்பியாவது கொடுங்கள்.